கோடு வரையும் கல்குலேட்டர் நம் பிள்ளைக்கு வேண்டுமா?



பள்ளி திறக்கும் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் செலவு வரிசையாக நிற்கும். சட்டை, சப்பாத்து, புத்தகப் பை, பஸ் காசு. பிள்ளை நான்காம் படிவத்துக்குப் போனால் கல்குலேட்டரும் சேர்ந்துகொள்ளும். "கடைக்காரர் பெரிய திரை வச்ச ஒண்ணைக் காட்டுறாருங்க. கோடெல்லாம் அதுவே வரையுமாம். கடன் வாங்கியாவது எடுத்துடலாமா?" என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள்.

வேண்டாம் என்பதே நம் பதில். காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

கோடு வரையும் கல்குலேட்டரை 1985-இல் கேசியோ நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் அது சாதாரணம். பக்கத்தில் சிங்கப்பூரில், ஜூனியர் கல்லூரி எச்2 கணிதப் பரீட்சையே அந்தக் கருவியை எதிர்பார்க்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைக்கு அது தேவைதான். அப்போதும் தேர்வு வாரியம் அனுமதித்த பட்டியலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நம் நாட்டு நிலைமை வேறு. எஸ்.பி.எம். கணிதத்துக்கும் கூடுதல் கணிதத்துக்கும் அனுமதி உள்ளது அறிவியல் கல்குலேட்டருக்குத்தான். எஸ்.டி.பி.எம். கணிதத்தில் கோடு வரையும் கருவிக்கும், புரோகிராம் எழுதி வைக்கும் கருவிக்கும் தடையே இருக்கிறது. பல நூறு வெள்ளி கொட்டி வாங்கிய சாமான் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே கிடந்தால் யாருக்கு லாபம்? 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதில் பெரும் பங்கை இதற்குக் கொடுக்க நாம் சம்மதிக்க மாட்டோம்.

"கூலிக்காரன் பிள்ளைன்னா மட்டமான சாமான் போதுமா?" என்று சிலர் கோபப்படலாம். கோபம் நியாயம்தான். ஆனால் இது மட்டமான சாமான் அல்ல. மானேஜர் மகனும் குலை வெட்டுகிறவர் மகனும் அந்த மண்டபத்தில் ஒரே வகைக் கருவியோடுதான் உட்கார வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பணக்காரனுக்குத் தனிச் சலுகை இல்லை. கோட்டின் வடிவத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் கைப்பேசியில் ஜியோஜீப்ரா, டெஸ்மோஸ் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன.

சரி, எதை வாங்குவது? முதலில் கணித ஆசிரியரைக் கேளுங்கள். வகுப்பில் எல்லாரும் வைத்திருக்கும் மாடலையே வாங்குங்கள். பல பள்ளிகளில் அது கேசியோ எஃப்எக்ஸ்-570 வரிசை. ஆசிரியர் எந்தப் பொத்தானை அழுத்தச் சொல்கிறாரோ அதே பொத்தான் பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும். எக்ஸ், ஒய் மதிப்புகளை அட்டவணையாகத் தரும் வசதி இருந்தால் நல்லது. வரைபடத் தாளில் புள்ளி வைக்கும்போது நேரம் மிச்சமாகும். எஃப்எக்ஸ்-3650பி போல புரோகிராம் செய்யும் மாடல் வேண்டாம்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். 1 + 2 × 3 என்று அழுத்தினால் 7 வர வேண்டும். 9 வந்தால் அது மளிகைக் கடைக் கல்குலேட்டர். அடுத்து சைன் 30 அழுத்தினால் 0.5 வர வேண்டும். மைனஸ் 0.988 வந்தால் கருவி கெட்டுப்போகவில்லை. டிகிரிக்குப் பதிலாக ரேடியனில் நிற்கிறது, மாற்றிக்கொள்ளலாம். இதைத் தெரியாமல் பரீட்சையில் மார்க்கை இழக்கும் பிள்ளைகள் உண்டு. ஆகையால் பரீட்சைக்கு முதல் வாரம் வாங்காதீர்கள். நான்காம் படிவத் தொடக்கத்திலேயே வாங்கிக் கொடுத்துக் கை பழக விடுங்கள். அண்ணன், அக்காள் உபயோகித்த பழசு இருந்தால் பேட்டரி மாற்றி அதையே கொடுக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

2023 முதல் வருமானம் பார்க்காமல் அரசாங்கம் ஒவ்வொரு மாணவனுக்கும் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி கொடுத்து வருகிறது. அந்தக் காசு வேறு செலவில் கரைவதற்குள் கல்குலேட்டருக்கு ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள்.

நம் கவலை கருவியைப் பற்றி மட்டுமல்ல. "கூடுதல் கணிதம் எடுத்தா செலவு ஜாஸ்தி" என்று பிள்ளை தானாகவே ஒதுங்கிக்கொள்கிறதே, அதுதான் பெரிய நஷ்டம். எஞ்சினியர் படிப்புக்குப் போகும் வழியை அங்கேயே நாம் அடைத்துவிடுகிறோம்.

ஆகவே பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். வேலைக் களைப்பு என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். புத்தகப் பட்டியலில் கல்குலேட்டர் மாடலையும் எழுதச் சொல்லுங்கள். இல்லாத பிள்ளைக்கு இரவல் கொடுக்கப் பள்ளியில் நாலைந்து வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தோட்டக் கிளையும், எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளிடம் சும்மா கிடப்பதை வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். இதற்கு மேலிடத்து உத்தரவு எதுவும் தேவையில்லை. அடுத்த கிளைக் கூட்டத்திலேயே தொடங்கலாம்.