மெட்டு மட்டும் மாறினால் போதுமா?

ஆண்டுதோறும் ஜனவரி 29-ஆம் தேதி அந்திப்பொழுதில், தில்லி விஜய் சௌக்கில் முப்படைகளின் பாசறை திரும்பும் நிகழ்ச்சி நடைபெறுகிறது. குடியரசு தின விழாவின் நிறைவு அதுவே. பகலெல்லாம் போரிட்ட வீரர்கள், கதிரவன் சாயும் வேளையில் முரசொலி கேட்டுப் போரை நிறுத்திப் பாசறைக்குத் திரும்பிய பழைய மரபின் நினைவு அது. ஏவுகணைகளின் அணிவகுப்பு அங்கு இல்லை. ராணுவத்தின் சார்பில் இசையே பேசுகிறது.

அந்த இசையும் அரசியல் சர்ச்சைக்குத் தப்பவில்லை. காந்தியடிகளுக்கு மிகவும் பிடித்தமானதும், இந்நிகழ்ச்சியில் பல்லாண்டுகளாக ஒலித்ததுமான 'அபைட் வித் மீ' என்ற கிறிஸ்தவப் பாடலின் மெட்டு 2022-இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டு, 'ஏ மேரே வதன் கே லோகோ' சேர்க்கப்பட்டது. 2023-இல் செவ்வியல் ராகங்களை அடியொற்றிய இந்திய மெட்டுகளே இசைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அடிமைச் சின்னம் அகன்றது என்று ஒரு சாராரும், காந்தியின் நினைவு அழிக்கப்பட்டது என்று மறு சாராரும் வாதிட்டனர். இருதரப்பும் பார்த்தது மெட்டின் பிறப்பிடத்தைத்தான். அது படை நடைக்குப் பொருந்துகிறதா என்பதை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அணிவகுப்பு இசைக்கு முதல் நீதிபதி வீரனின் கால்கள். விரைவு நடைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகள். மெது நடைக்கு அதில் பாதியளவோ சற்றுக் கூடுதலோ. இந்தக் காலப்பிரமாணம் சிறிது பிசகினாலும் வரிசை குலையும். நிதானமாக நெஞ்சை உருக்குவதற்கென்று அமைந்த பாடலை 120 அடிக்கு முடுக்கினால் மெட்டு எஞ்சும், உணர்வு எஞ்சாது.

அடுத்தது சுருதி. பாண்டு வாத்தியத்தின் பித்தளைக் கருவிகளில் பெரும்பாலானவை பி-பிளாட், இ-பிளாட் சுருதிகளில் அமைந்தவை. திறந்தவெளியில் நடந்துகொண்டே ஊதும் கலைஞருக்கு மூச்சும் விரலும் இடம்கொடுக்கும் சுருதியையே ஏற்பாட்டாளர் தேர்ந்தெடுக்க வேண்டும். மேலும், இக்கருவிகளில் ஸ்வரங்கள் நேராக நிற்கும். வீணையிலோ நாகஸ்வரத்திலோ போல வளைந்து குழைவது அரிது. கமகமே உயிரான தோடியை எக்காளத்தில் ஊதினால் ராகத்தின் எலும்புக்கூடுதான் கிடைக்கும். நேர் ஸ்வரங்களிலும் முகம் காட்டும் சங்கராபரணமோ மோகனமோ அங்கு தழைக்கும். ஆகவே, ராகம் என்று அறிவித்துவிடுவது எளிது. எந்த ராகம் என்று தேர்வதற்கு ஞானம் வேண்டும்.

இந்த ஞானம் நமக்குப் புதிதன்று. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாண்டு வாசித்த மேலைநாட்டு மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர், அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். இன்றும் குழந்தைகள் கற்கும் 'நோட்டுஸ்வரங்கள்' அவையே. அந்நிய மெட்டு என்று அவர் ஒதுக்கவில்லை. சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அவை இயல்பாகப் பொருந்துவதைக் கண்டார். பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் கூர்க்கா படையில் பாண்டு இசை பயின்ற ராம்சிங் டாக்குரியோ, அதே பயிற்சியைக் கொண்டு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்காக 'கதம் கதம் படாயே ஜா' மெட்டை அமைத்தார். ஆங்கிலேயர் கற்றுத்தந்த கருவி அவர்களுக்கு எதிராகவே முழங்கியது. அம்மெட்டு இன்று இந்தியப் படைகளின் அணிவகுப்பிலும் ஒலிக்கிறது.

மூன்றாவது, இசையின் குணம். பாசறை திரும்புதல் வெற்றி விழா அன்று. அது பொழுது சாயும் நேரத்தின் அமைதி. திரும்பி வராதவர்களின் நினைவு. 1962 போரில் மாண்டவர்களுக்காகக் கவி பிரதீப் எழுத, சி. ராமச்சந்திரா இசையமைக்க, 1963-இல் நேருவின் முன்னிலையில் லதா மங்கேஷ்கர் பாடிய பாடல் அந்தக் குணத்துக்கு இசைவானதே. அவ்வகையில் 2022-இல் ஒரு சோகப் பாடலின் இடத்தில் மற்றொரு சோகப் பாடல் வந்தது என்று ஆறுதல் கொள்ளலாம். காந்திக்கு உகந்த பாடலுக்கும் அதனருகே இடம் தந்திருந்தால் விழாவின் பெருமை குன்றியிராது என்பதும் உண்மை. ஆனால், அதே ஆண்டில் 1,000 டிரோன்கள் வானில் நிகழ்த்திய ஒளிக்காட்சி வேறொரு கவலையை எழுப்புகிறது. கண்ணைக் கவரும் வேடிக்கை பெருகப் பெருக, மெதுநடையும் மௌனமும் சுருங்கிவிடக் கூடும். மெட்டு போனால் வேறு மெட்டு வரும். அமைதி போனால் நிகழ்ச்சியின் பொருளே போய்விடும்.

அரசு செய்யவேண்டியது பட்டியலில் பெயர்களை மாற்றுவதோடு முடிந்துவிடுவதில்லை. மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் உள்ள ராணுவ இசைப் பயிற்சிப் பிரிவில் மேலை இசையோடு இந்துஸ்தானி, கர்நாடக இசையின் இலக்கணத்தையும் ஆழமாகப் போதிக்க வேண்டும். படையிலுள்ள இசையமைப்பாளர்களைப் புதிய மெட்டுகள் அமைக்க ஊக்குவித்து, அவர்கள் பெயரை நாடறியச் செய்ய வேண்டும். திரைப்பாடல்களைக் கடன் வாங்குவதைவிட, கால்களுக்கும் கருவிகளுக்கும் என்றே பிறக்கும் இசை மேலானது. தாளம் தவறாமல், சுருதி சேர்ந்து, கேட்பவர் நெஞ்சில் மறைந்த வீரனை நிறுத்தும் இசையே நம் இசை. மற்றவை வெறும் பெயர்ப்பலகை மாற்றங்கள்.