கட்டினால் மட்டும் போதுமா?
இணையதளம் தொடங்கும்போது தாராளமாகச் செலவழிக்கிறவர்கள், அதைப் பராமரிக்க ஆண்டுக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள் என்று கேட்டால் கையை விரிக்கிறார்கள். தளம் கட்ட உதவும் வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா எல்லாம் இலவச மென்பொருள்கள்தான். ஆனால் அவற்றில் ஓட்டை தெரியவந்தால் அடைக்க வேண்டியது தளத்துக்காரர். 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-க்கு ஒரு அவசரத் திருத்தம் வந்தது. கடவுச்சொல்லே இல்லாமல் தரவுத்தளத்தில் கைவைக்க இடம்கொடுத்த ஓட்டை அது. திருத்தம் வெளியான ஏழு மணி நேரத்துக்குள் அதைப் போடாத தளம் பறிபோனதாகவே கருதுங்கள் என்று ட்ரூபலின் பாதுகாப்புக் குழு இரண்டு வாரம் கழித்து அறிவித்தது. நம் நேரப்படி அந்தக் கெடு இரவு ஒன்பதரைக்குத் தொடங்கி விடிகாலை நாலரைக்கு முடிந்திருந்தது. ஊர் தூங்கும் நேரம்! வேர்ட்பிரஸ் 2013-லேயே சிறு திருத்தங்களைத் தானாகப் போட்டுக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது, நல்ல முடிவு. ஆனாலும் எழுதியவரே கைவிட்ட பிளகின்களை, அதாவது தளத்தில் கூடுதலாகச் சேர்க்கும் துணை மென்பொருள்களை, அது காப்பாற்றாது. அவற்றை ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்துத்தான் நீக்க வேண்டும். பேக்கப்பையும் அதே சர்வரில் வைக்காமல் வேறிடத்தில் வைத்து, அவ்வப்போது மீட்டெடுத்துச் சரிபார்க்க வேண்டும். இந்த வேலைக்கும் சேர்த்துக் கூலி எழுதாத ஒப்பந்தத்தில் எந்தப் பள்ளியும் மருத்துவமனையும் கையெழுத்துப் போடக் கூடாது.