பீரங்கி இல்லாத டாங்கி

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, "டாங்கியைப் பத்தி எழுதட்டுமா?" என்றேன். சந்தோஷமாகத் தலையாட்டினார். சுடுகிற டாங்கி இல்லை, சேற்றில் மாட்டிக்கொண்ட டாங்கியை இழுத்துப் போடுகிற டாங்கி என்றதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. "அதுல என்னப்பா இருக்கு?" என்றார். அவருக்கான பதில்தான் இது.

பிரிட்டனில் ஆல்விஸ் கம்பெனி 1970களில் செய்த ஸ்கார்பியன் என்ற இலகு டாங்கியைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். எடை சுமார் 8 டன். அலுமினியக் கவசம். உள்ளே ஓடியது ஜாகுவாரின் 4.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின். பிற்காலத்தில் இந்த வகை வண்டிகளுக்குக் கம்மின்ஸ் டீசல் என்ஜின் வைத்தார்கள். இந்த ஒரே அடிச்சட்டத்தின் மேல் ஒரு குடும்பத்தையே உண்டாக்கினார்கள். 76 மி.மீ. பீரங்கி வைத்தால் ஸ்கார்பியன், 30 மி.மீ. பீரங்கி வைத்தால் சிமிட்டர், வீரர்களை ஏற்றினால் ஸ்பார்ட்டன், ஆம்புலன்ஸ் என்றால் சமாரிட்டன். அந்தக் குடும்பத்தில் யாரும் கண்டுகொள்ளாத பிள்ளை சாம்சன். பைபிளில் வருகிற பலசாலி சிம்சோனின் பெயர்தான். பீரங்கி கிடையாது. அதற்குப் பதில் வயிற்றுக்குள் ஒரு விஞ்ச், 200 மீட்டருக்கு மேல் கம்பிக் கயிறு, பின்பக்கம் மண்ணில் இறக்குகிற பெரிய இரும்பு மண்வெட்டி.

இழுப்பதற்கு ஒரு லாரி போதாதா என்று கேட்கலாம். டாங்கியே புதைந்துபோன இடத்துக்கு லாரி எப்படிப் போகும்? போனால் இழுக்க வேண்டியது இரண்டாகிவிடும். ஒரே அடிச்சட்டம் என்றால் டாங்கி போகிற இடமெல்லாம் சாம்சனும் போகும். ஒரே டிராக், ஒரே என்ஜின், ஒரே ஸ்பேர். மெக்கானிக்கும் ஒரு வண்டியைக் கற்றால் குடும்பம் முழுவதையும் கழற்றி மாட்டலாம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. சாம்சனும் 9 டன்னுக்கு உட்பட்ட வண்டிதான். சேற்றில் அச்சு வரை இறங்கின வண்டியை இழுக்க, அதன் எடையைவிட அதிக விசைகூடத் தேவைப்படலாம். சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் என்ன ஆகும்? நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மாட்டினவன் வரமாட்டான், இழுக்கிறவன் வழுக்கிக்கொண்டு அவனிடம் போவான்! அதற்குத்தான் மண்வெட்டி. அதை மண்ணில் இறக்கிவிட்டால், வண்டியோடு சேர்ந்து நிலமும் இழுவையைத் தாங்கும். கயிற்றைக் கப்பிகளில் நாலு மடங்காகக் கோத்தால் 12 டன் வரை இழுக்கலாம். கயிறு நாலு மடங்கு ஓட வேண்டும், வேகம் நாலில் ஒன்றாகும். (உராய்வையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சார் மார்க்கைக் குறைத்துவிடுவார்.)

இதை முதலாமாண்டு வகுப்பில் நடத்தியபோது எனக்குப் புதிதாக இல்லை. என் அப்பா லாரி ஷெட்டில் உதவியாளர். ஆற்று மணலில் லாரி புதைந்தால் ராத்திரியோ பகலோ அவரைத்தான் கூப்பிடுவார்கள். பனைமரம் இருந்தால் அதில் கட்டிச் செயின் பிளாக் போடுவார். மரம் இல்லாத இடத்தில் பள்ளம் தோண்டி, ஒரு கட்டையைக் குறுக்கே புதைத்து, அதில் சங்கிலியைக் கட்டுவார். பள்ளிக்கூடம் போகாத மனிதர். சாம்சனின் மண்வெட்டிப் படத்தைக் காட்டினேன். "நாம கட்டையப் பொதைக்கிறோம், அவன் இரும்ப எறக்குறான், அம்புட்டுத்தான்" என்றார்.

சரி, போர்க்களத்துக்கு வருவோம். 1982-ல் பிரிட்டனுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஃபாக்லாந்து தீவுகளில் போர். பிரிட்டனிலிருந்து ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர். அங்கே பீட் என்கிற மண், தண்ணீர் ஊறின பஞ்சு மெத்தை மாதிரி. இதில் டாங்கி ஓடுமா என்ற சந்தேகம் முதலில் இருந்தது. ஆனால் அகலமான டிராக்கில் எடை பரவுவதால் இந்த வண்டிகள் தரையை அழுத்துவது ஒரு ஆளின் காலடியைவிடக் குறைவு. அவை ஓடின, ஜூன் மாதம் வயர்லெஸ் ரிட்ஜ் சண்டையில் காலாட்படைக்குப் பக்கபலமாகச் சுட்டன.

அங்கே போன புளூஸ் அண்டு ராயல்ஸ் படைப்பிரிவின் வண்டிகள் எத்தனை தெரியுமா? நாலு ஸ்கார்பியன், நாலு சிமிட்டர், ஒரு சாம்சன். கப்பலில் ஒவ்வொரு அடி இடத்துக்கும் கணக்குப் பார்க்கிற நேரம். அந்த ஒன்பதாவது இடத்தில் இன்னொரு பீரங்கியை ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. என் அபிப்பிராயத்தில் அந்தப் படைப்பிரிவின் மிகச் சரியான கணக்கு அதுதான். இன்னும் கேட்டால், ஒன்று போதாது என்பேன். சாம்சனே மாட்டிக்கொண்டால் அதை யார் இழுப்பது?

இழுக்கிற வண்டி போரை ஜெயிக்காது, ஒப்புக்கொள்கிறேன். இலகு அடிச்சட்டம் என்பதால் பெரிய டாங்கிகளுக்கும் அது உதவாது. ஆனால் புதைந்து நிற்கிற பீரங்கி எந்தப் போரையும் ஜெயித்ததில்லையே! ஸ்கார்பியனும் சிமிட்டரும் பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டன. அடுத்த தலைமுறையான ஏஜாக்ஸ் குடும்பத்திலும் அதே அடிச்சட்டத்தில் இழுப்பதற்கு அட்லஸ், பழுதுபார்க்க அப்பல்லோ என்று இரண்டு வண்டி வைத்திருக்கிறார்கள். நம் ராணுவத்திலும் இந்த வேலைக்கென்றே இ.எம்.இ. என்ற பிரிவு 1943 முதல் இருக்கிறது.

நம் வகுப்பில் மட்டும் மெயின்டனன்ஸ் என்றால் இளக்காரம். டிசைன் செக்‌ஷன், குளிர்சாதன அறை என்றால் கைதட்டுகிறோம். பழுதுபார்க்கும் பிரிவில் அப்ரண்டிஸ் என்றால், "டேய், அதுக்கா மூணு வருஷம் படிச்ச?" என்கிறோம். இதை என் முகத்துக்கு நேராகவே கேட்ட நண்பர்கள் இந்தப் பக்கத்தையும் படிப்பார்கள், படிக்கட்டும்.

நண்பர்களைவிட அப்பாதான் கஷ்டம். "நான் கிரீஸ் பூசினது போதும்டா. எங்க வம்சத்துல மொதல்ல படிச்சவன் நீ. வெள்ளச் சட்ட போட்டு உக்காரு" என்கிறார். அவர் சொல்வதில் இருக்கிற வலி எனக்குத் தெரியும். முதுகுவலியோடு அவர் படுக்கிற பாயை நான்தான் விரிக்கிறேன். ஆனால் அந்த வேலையைக் கையால் மட்டும் செய்ததால் அவருக்கு முதுகு போனது. கணக்குப் போட்டு, சரியான கப்பியும் விஞ்சும் வைத்துச் செய்தால் யார் முதுகும் போக வேண்டியதில்லை. அதற்குத்தான் நான் படித்தேன் என்று நினைக்கிறேன்.

ஒரு பஸ் டிப்போவின் பணிமனைக்கு அப்ரண்டிஸ் விண்ணப்பம் போட்டிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. மலர் கைக்கு வந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தங்கச்சியிடம் கொடுத்து, இதை அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்வேன். அந்த நேரம் நான் கடைக்குப் போய்விடுவதாக உத்தேசம்.