கூரை மாற்ற எத்தனை நாள்?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே! லயத்து வீட்டுத் தகரக் கூரையை மாற்ற எத்தனை நாள் பிடிக்கும்? தகரம் வந்து இறங்கிவிட்டால், கைதேர்ந்த தச்சரும் இரண்டு ஆட்களும் ஒரு வீட்டை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுவார்கள். மரச்சட்டம் உளுத்திருந்தால் இன்னும் ஓரிரு நாள். பிற்பகல் மழைக்கு முன் மூட முடிகிற அளவுக்கே பழைய தகரத்தைக் கழற்றுவார்கள். அவ்வளவுதான் சங்கதி.

அப்படியானால் வருடக்கணக்கில் ஒழுகுவானேன்? வேலைக்கு நாள் பிடிப்பதில்லை, உத்தரவுக்குத்தான் பிடிக்கிறது. கிராணியிடம் கேட்டால் 'மேலே சொல்லியாச்சு' என்பார். மேலே கேட்டால் 'பட்ஜெட் வரட்டும்' என்பார்கள். தோட்டம் கைமாறப் போகிறது என்றால் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டார்கள்.

நல்ல வீடு நிருவாகம் போடும் பிச்சை அல்ல. 1966-ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1990-ஆம் ஆண்டின் 446-வது சட்டமும் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதித்து, பொறுப்பை முதலாளி தலையில் வைத்துள்ளன.

ஜொகூரில் வடகிழக்குப் பருவமழை நவம்பரில் தொடங்கும். 2006 டிசம்பரில் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த மழையை நாம் மறக்கவில்லை. மழைக்கு முன்பே காரியம் ஆகவேண்டும்.

வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். வீட்டு எண், ஒழுகும் இடம், தேதி எல்லாம் எழுதி, லயத்தார் அனைவரும் கையெழுத்திட்டு ஆபீசில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நகல் ஒன்று சங்கக் கிளைக்கு வரட்டும். வேலை என்றைக்குத் தொடங்கும், என்றைக்கு முடியும் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நகலோடு தொழிலாளர் இலாகாவுக்குச் சேர்ந்தே போவோம்.