எதிர்பார்க்காமல் போகச் சொல்லாதீர்கள்

"எதிர்பார்ப்பு எதுவும் வச்சுக்காம போங்க, படம் புடிக்கும்."

ஒரு தமிழ் ரசிகன் இன்னொரு ரசிகனுக்குச் சொல்லும் அறிவுரைகளில் இதைவிட மோசமானதை நான் கேட்டதில்லை. பெரிய படம் வரும்போதெல்லாம் சொல்கிறோம். இரண்டாம் பாகம் என்றால் அழுத்திச் சொல்கிறோம். விஞ்ஞானக் கதையின் இரண்டாம் பாகம் என்றால், "மூளையக் கழட்டி வீட்டுல வச்சிட்டுப் போ" என்று கூடவே ஒரு இலவச இணைப்பும் கொடுக்கிறோம். யோசிக்கிற இயந்திரத்தைப் பற்றிய படத்தைப் பார்க்க, யோசிக்கிற மனுஷன் மூளையைக் கழற்றிவைக்க வேண்டுமாம்! இதில் இருக்கிற கோமாளித்தனம் யாருக்கும் உறைப்பதாகவே தெரியவில்லை.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இதே சண்டைதான். 2024 ஜூன் 27 அன்று 'கல்கி 2898 ஏடி' வந்தது. அன்றிலிருந்து அடுத்த பாகம் எப்போ என்று பேச்சு. "மொத பாகத்துல கமல் கொஞ்ச நேரந்தாம்ல வந்தாரு, ரெண்டாவதுல முழுசா எறங்குவாரு பாரு" என்று ஒருத்தர். "பிரபாஸ கர்ணன்னு காட்டிட்டாம்லா, இனிமே வேற மாரி இருக்கும்" என்று இன்னொருத்தர். மூன்றாவது ஆள் பட்ஜெட் சொல்வார், நான்காவது ஆள் அதை இரண்டு மடங்காக்குவார். கடைசியில் மூத்தவர் ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ரொம்ப எதிர்பாக்காதீங்கடே" என்று முடித்துவைப்பார்.

கங்கை வற்றிப்போய், மிச்சமிருக்கும் தண்ணீரையும் சோற்றையும் ஆகாயத்தில் தொங்கும் ஒரு கோட்டை உறிஞ்சிக்கொள்கிற உலகத்தைத்தான் அந்தப் படம் காட்டியது. அந்தக் கோட்டை எப்படி உருவானது? கீழே கிடக்கிற ஜனம் ஏன் இத்தனை காலம் பொறுத்துக்கொண்டது? அடுத்த பாகம் இதைச் சொல்லுமா, இல்லை வில்லை வளைக்கிற சண்டையிலேயே ஓடிவிடுமா? வயலும் குளமுமாக வாழ்கிற ஊரில்கூட இந்தக் கேள்வி வரவில்லை. "பிரம்மாண்டமா இருக்கும்" என்கிறவருக்கும் "எதிர்பார்க்காதே" என்கிறவருக்கும் சண்டை நடப்பதுபோலத் தெரிகிறது. உண்மையில் இரண்டு பேரும் ஒரே கட்சி. என்ன எதிர்பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

எங்கள் பக்கத்து ஜனத்துக்கு எதிர்பார்க்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜூன் பிறந்தால் மேற்கே பார்க்கிற கூட்டம் இது. கேரளாவில் மழை பிடித்துவிட்டதா, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று வருகிறதா, மலை உச்சியில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாரலைப் பற்றிப் பேசுவார்கள். குற்றாலத்தில் இருந்து வருகிறவனிடம் கேட்கிற கேள்வியிலும் துல்லியம் இருக்கும்: மெயினருவியில் ஆர்ச் வரைக்கும் விழுதா? ஐந்தருவியில் அஞ்சு கிளையிலும் தண்ணியா, ரெண்டுலதானா? "எதிர்பார்ப்பு இல்லாம போ, அருவி பிடிக்கும்" என்று எவனாவது சொல்லியிருக்கிறானா? தண்ணீர் வராத வருஷம் "சீசன் டல்லு" என்று நேராகச் சொல்வார்கள். எதிர்பார்த்தது நம்ம தப்பு என்று அருவிக்காக யாரும் வக்காலத்து வாங்குவதில்லை.

சினிமாவுக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சலுகை?

இதற்கு நம்மிடம் ஒரு முழு வரலாறே இருக்கிறது. 'எந்திரன்', 2010 அக்டோபர் 1. ஷங்கர் தொண்ணூறுகளின் கடைசியில் கமல்ஹாசனை வைத்து எடுக்க நினைத்து, பிறகு ஷாருக்கானிடம் போய், கடைசியில் ரஜினிகாந்தோடு முடித்த படம். எழுத்தில் சுஜாதா இருந்தார். 2008 பிப்ரவரியில் அவர் மறைந்த பிறகு வந்தது. கிளைமாக்ஸில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் பந்தாக உருண்டதும் பாம்பாக நெளிந்ததும்தான் எல்லோருக்கும் ஞாபகம். எனக்கு அந்தப் படத்தின் உயிர் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, தீவிபத்துக் காட்சி. குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. உயிரைக் காப்பாற்றியாயிற்று, வேலை முடிந்தது என்று அதற்குத் தோன்றுகிறது. கூட்டத்தின் முன்னால் அவமானம் தாங்காமல் அந்தப் பெண் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். கட்டளையைச் சரியாக நிறைவேற்றுவதும் நல்லது செய்வதும் வேறு வேறு என்று தமிழ் வெகுஜன சினிமா இத்தனை கூர்மையாகச் சொன்ன இன்னொரு காட்சி எனக்கு நினைவில்லை. இன்னொன்று, முடிவு. நீதிமன்ற உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே ஒவ்வொரு பாகமாகக் கழற்றிக்கொள்கிறது. பிறகு 2030-இல் ஒரு அருங்காட்சியகம். உன்னை ஏன் பிரித்துவைத்தார்கள் என்று கேட்கும் பள்ளிக்கூடச் சிறுமியிடம், சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்கிறது அந்தத் தலை.

இதைவிட நல்ல வாசலை ஒரு இரண்டாம் பாகத்துக்குத் திறந்துவைக்க முடியுமா? சிந்திக்கிற ஒன்றைப் பிரித்துப்போடும் உரிமை யாருக்கு? அது சம்மதித்தது என்பதால் நியாயமாகிவிடுமா? இனி ஒருவன் அதைத் திரும்ப மாட்டினால், எழுந்து வருவது அதே சிட்டியா?

எட்டு வருஷம் நாம் இதையெல்லாமா பேசினோம்? 2015 டிசம்பரில் '2.0' படப்பிடிப்பு தொடங்கியதிலிருந்து கேட்டது வேறு. பட்ஜெட் எத்தனை கோடி? வில்லன் யார்? முழுக்க முப்பரிமாணக் கேமராவிலேயே எடுக்கிறார்களாமே? முதல் பார்வை மும்பையில், 2016 நவம்பர். பாட்டு வெளியீடு துபாயில், 2017 அக்டோபர். 2017 தீபாவளி என்றார்கள், 2018 ஜனவரி என்றார்கள், கிராஃபிக்ஸ் முடியவில்லை என்று தள்ளித் தள்ளி, 2018 நவம்பர் 29-க்கு வந்து சேர்ந்தது. தேதி எப்போ, கிராஃபிக்ஸ் எப்படி என்பதைத் தவிர வேறெதுவும் நாம் கேட்கவில்லை. கேட்டது கிடைத்தது. அந்தக் கிராஃபிக்ஸ் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. லட்சக்கணக்கான கைபேசிகள் சேர்ந்து ஒரு ராட்சதப் பறவையாகச் சிறகடிப்பது இன்றைக்கும் அசத்துகிற காட்சிதான். ஆனால் அந்த முப்பரிமாணத்துக்காக எட்டு வருஷம் காத்திருந்த சின்ன ஊர் ரசிகர்களில் எத்தனையோ பேர் சாதா இருபரிமாணத் திரையில்தான் அதைப் பார்த்தார்கள்.

திரையில் நடந்தது என்ன? முதல் பாகம் நீதிமன்றத்தில் முடித்துவைத்ததை, இரண்டாம் பாகம் ஒரு கூட்டத்தில் அமைச்சர் தலையசைப்பில் அவிழ்த்துவிட்டது. சிட்டியின் பாகங்கள் திரும்பப் பூட்டப்பட்டன. எழுந்து வந்த சிட்டி, 'என்னை ஏன் பிரித்தீர்கள், இப்போது ஏன் கூப்பிட்டீர்கள்' என்று ஒரு வார்த்தை பேசவில்லை. அதைவிடப் பெரிய விஷயம் அந்தச் சிவப்புச் சிப். முதல் பாகத்தில் அதுதான் பயங்கரம். அதை மாட்டியதும் ஊரே பிணக்காடானது. இரண்டாம் பாகத்தில் அதே சிப்பை மாட்டும்போது திரையரங்கு விசிலடித்தது. அழிவின் சாவி ரசிகர்களுக்கான பரிசாக மாறிப்போனது. படம் அதைப் பற்றி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"அண்ணே, வில்லனை ஹீரோவாக்குறது எல்லா ஊர்லயும் நடக்கிறதுதானே?" என்று ஒரு தம்பி கேட்கலாம். நடக்கிறதுதான். 1984-இல் 'டெர்மினேட்டர்' படத்தில் கொல்ல வந்த அதே இயந்திரம், 1991-இல் இரண்டாம் பாகத்தில் காப்பாற்ற வந்தது. ஆனால் ஜேம்ஸ் கேமரூன் அந்த மாற்றத்தையே கதையாக்கினார். கொல்லாதே என்று ஒரு பையன் அதற்குக் கற்றுத்தருகிறான். மனிதர்கள் ஏன் அழுகிறார்கள் என்று அது கேட்கிறது. கடைசியில் தன் தலையிலுள்ள சிப்பும் மிஞ்சக்கூடாது என்று கொதிக்கும் உலோகத்துக்குள் இறங்குகிறது. 'பிளேட் ரன்னர்' 1982-இல் வந்தது. 'பிளேட் ரன்னர் 2049' வர 35 வருஷம் ஆனது. செய்யப்பட்ட உயிருக்கும் பிறந்த உயிருக்கும் என்ன வித்தியாசம் என்ற பழைய கேள்வியை அது விட்ட இடத்திலிருந்தே பிடித்தது. தான் பிறந்தவனோ என்று நம்பத் தொடங்கும் நாயகன், அப்படி இல்லை என்று தெரிந்தபிறகு என்ன செய்கிறான் என்பதுதான் அந்தப் படம். வசூலில் அது பெரிதாகச் சாதிக்கவில்லை. ஆனால் காத்திருந்தவனை மதித்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? சுஜாதா 'என் இனிய இயந்திரா' எழுதினார், அதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' எழுதினார். இயந்திர நாய் ஒன்றை அடுத்த நாவலின் தலைப்பிலேயே ஏற்றிவைத்தார். வாராவாரம் படித்த வாசகர்களும் அந்த நாய் என்ன நினைக்கிறது, அடுத்து என்ன செய்யும் என்றுதான் காத்திருந்தார்கள். அதன் உடம்பு எத்தனை கோடிக்குச் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. '2.0'-வில் வரும் பெண் ரோபோவின் பெயர் நிலா. 'என் இனிய இயந்திரா'வின் நாயகி பெயரும் நிலா. தற்செயலோ மரியாதையோ, பெயர் மட்டும் வந்தது.

'2.0' தனக்கென்று ஒரு கேள்வி வைத்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கைபேசிக் கோபுரத்தால் பறவைகள் சாகின்றன என்று மனு மனுவாகக் கொடுத்து, யாரும் கேட்காமல், அதே கோபுரத்தில் தூக்கில் தொங்குகிறார் அக்‌ஷய் குமாரின் பக்ஷிராஜன். படம் வெளிவரும் முன்பே கைபேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது. சண்டை போட வேண்டிய இடம் இதுதான். அந்த வாதத்துக்கு என்ன ஆதாரம்? இல்லையென்றால், பறவைகள் குறைவதற்கு வேறென்ன காரணம்? ரசிகர்கள் இதை விட்டுவிட்டு முதல் நாள் வசூலை எண்ணிக்கொண்டிருந்தோம். படமும் செத்தவர் ஆவியாக வந்தார், ஆவிக்குப் பெயர் ஆரா என்று பேய்க்கதைக்கு வெள்ளைக்கோட்டு மாட்டிவிட்டுத் தப்பித்துக்கொண்டது.

இங்கேதான் ஆய்க்குடிக்கு ஒரு வார்த்தை சொல்ல உரிமை உண்டு. 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இந்த ஊரில்தான் இருக்கிறது. கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் அவர். சக்கர நாற்காலியும் செயற்கைக் காலும் இங்கே தெருவில் சாதாரணமாகப் பார்க்கிற காட்சி. வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்குக் கிராமத்து வீட்டுக்கே போய்ப் பயிற்சி தருகிறவர்கள், குழந்தை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பதிவதற்குக் கைபேசிச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள். கைபேசி வைத்திருப்பவரெல்லாம் கொலைகாரர் என்று பக்ஷிராஜன் வந்து நின்றால், அந்தக் குழந்தையின் தாய் என்ன பதில் சொல்வாள்? அவளை அவரிடம் பேசவிட்டிருந்தால் அதுதான் விஞ்ஞானக் கதை. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. இயந்திரமும் உடம்பும் எங்கே சேர்கின்றன, சேர்ந்தபிறகு எது நான் என்பது இந்த ஊருக்குத் தூரத்து எதிர்காலம் கிடையாது. நம் சினிமா விஞ்ஞானியோ ரோபோவைச் செய்துமுடித்ததும் முதலில் ராணுவத்துக்குத்தான் கொண்டுபோய்க் காட்டுகிறான்.

"இது மசாலாப் படம் பாஸ், இதுல இதெல்லாமா தேடுவாங்க?" என்பதுதான் கடைசி ஆயுதமாக வரும். மசாலாவுக்கும் மூளைக்கும் பகை கிடையாது. 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை' காமெடி, காதல், ரௌடி எல்லாம் இருந்த படம்தான். 2065-இலிருந்து வந்து சேர்ந்த கால இயந்திரத்தை வைத்துக்கொண்டு இரண்டு பையன்கள் ஜோசியக் கடை போட்டார்கள். தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு பார்த்தார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிற நினைப்பே இல்லாமல், அற்ப ஆசைக்காக நேற்றைத் தொட்டால் இன்று எப்படிக் கோணும் என்று ரவிக்குமார் அந்தச் சின்னப் பணத்தில் காட்டினார். அதன் இரண்டாம் பாகத்துக்கு 2021 ஜனவரியில் பூஜை போட்டார்கள். அதற்காகக் காத்திருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள். எவ்வளவு செலவு என்று கேட்க மாட்டார்கள். அந்த இயந்திரம் இந்தத் தடவை யார் கையில் மாட்டும் என்றுதான் கேட்பார்கள். நல்ல முதல் பாகம் ரசிகனுக்கு எதிர்பார்க்கக் கற்றுக்கொடுத்துவிடும்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, அடுத்த அறிவிப்பு வரும்போது எதிர்பாருங்கள். நிறையவே எதிர்பாருங்கள். முதல் பாகம் எந்தக் கேள்வியோடு நம்மை வீட்டுக்கு அனுப்பியது, அதை இவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். முதலில் விலை கொடுத்து முடித்த ஒன்றை இரண்டாவதில் இலவசமாகத் திரும்பத் தருகிறார்களா என்று பாருங்கள். அந்த இயந்திரம் நம் ஊருக்கு வந்தால் யாருக்கு உதவும், யாரை மிதிக்கும் என்று படம் யோசித்திருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் வெளியே வந்து சீசன் டல்லு என்று சொல்லுங்கள். டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவன், எதிர்பார்த்ததற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.