வெல்டர் மேல் பழி போடுவதற்கு முன்னால்...

ஒரே வெல்டர். ஒரே டிக் மெஷின். ஒரே ஆம்பியர், ஒரே வேகம். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகள் இரண்டு லாட்டில் வந்தவை. இரண்டுமே சர்டிபிகேட்படி பாஸ். ஒன்றில் வெல்டிங் ஆழமாக இறங்குகிறது. இன்னொன்றில் அகலமாகப் பரவி, அடிவரை போகாமல் நின்றுவிடுகிறது. உடனே தீர்ப்பு வந்துவிடும்: "வெல்டருக்குக் கை சரியில்லை!" அரைத்தெடுத்துத் திரும்பப் பற்றவைக்கும் செலவும் கெட்ட பெயரும் அவர் தலையில்.

இந்தத் தீர்ப்பு தப்பு என்று தெரிந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. 1982-ல் அமெரிக்காவின் ராக்கி ஃப்ளாட்ஸ் ஆலையைச் சேர்ந்த ஹெய்ப்பிளும் ரோப்பரும் காரணத்தை விளக்கினார்கள். உருகிய சுத்த இரும்பில் சூடு ஏற ஏறப் பரப்பு இழுவிசை குறையும். அதனால் ஆர்க்குக்கு நேர் கீழே உள்ள குழம்பை ஓரத்துக் குழம்பு தன் பக்கம் இழுக்கும், வெல்டிங் அகலும். கொஞ்சம் கந்தகம் இருந்தால் கதை தலைகீழ். ஓட்டம் நடுவை நோக்கித் திரும்பி, சூட்டை அடிக்குக் கொண்டுபோகும்.

எவ்வளவு கந்தகம்? 0.01 சதவீதமே போதும். 304-க்கான விதியோ "0.03 சதவீதத்துக்கு மிகாமல்" என்பதோடு நின்றுவிடுகிறது. 0.001-ம் பாஸ், 0.02-ம் பாஸ்! சர்டிபிகேட்டில் எண் அச்சாகித்தான் இருக்கிறது. படிப்பவர் யார்?

"அதான் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்களே" என்பார்கள். சரி, கணக்குக்குள் போகும் எண் எங்கிருந்து வருகிறது? 1988-ல் சாகூ, டெப்ராய், மெக்நல்லன் தந்த பரப்பு இழுவிசைச் சூத்திரம் நல்ல சூத்திரம்தான். ஆனால் அது இரும்பும் கந்தகமும் போல இரண்டே பொருள் சேர்ந்த கலவைக்கு. குரோமியம், நிக்கல், மாங்கனீஸ், ஆக்சிஜன் எல்லாம் கலந்த குழம்புக்கும் அதையே பூசுகிறார்கள். விடை ஒத்துவராவிட்டால் பாகுத்தன்மையைப் பல மடங்கு ஏற்றிப் பொருத்துவதும் உண்டு. கொந்தளிப்புக்காக என்று காரணம் சொல்வார்கள். ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாதபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அளப்பது கஷ்டம் என்பது உண்மை. 1,400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பை எந்தப் பாத்திரத்தில் ஊற்றினாலும் பாத்திரமே அதில் கலக்கப் பார்க்கும். ஆனால் வழி இல்லாமல் இல்லை. ஒரு சொட்டைக் காந்தப்புலத்தில் மிதக்கவிட்டு, அது அதிர்வதைப் படம் பிடிக்கிறார்கள். அதிரும் வேகம் இழுவிசையைச் சொல்லும். அதிர்வு அடங்கும் வேகம் பாகுத்தன்மையைச் சொல்லும். புவியீர்ப்பின் தொந்தரவு வேண்டாமென்று 2014-ல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே அப்படி ஒரு கருவி போனது. மிதக்கும் சொட்டுக்கு மேல் ஆர்க் இல்லையே என்றால், ஆர்க்குக்குக் கீழேயே குழம்பை அதிரவைத்து அளக்கும் முறையும் இருக்கிறது.

மனம் இருந்தால் நடக்கும் என்பதற்குச் சாட்சி மருந்துத் தொழிற்சாலைக் குழாய்கள். தானியங்கி வெல்டிங்குக்கான 316எல் குழாயில் கந்தகம் 0.005 முதல் 0.017 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது விதி. உச்சவரம்பு மட்டுமல்ல, கீழ்வரம்பும்! அங்கே மெஷின் திணறியதும் உலோகத்தைச் சந்தேகித்தார்கள். மனிதன் திணறினால் மட்டும் மனிதனையே சந்தேகிக்கிறார்கள்.

கையைக் குறை சொல்லுமுன் குழம்பை அளந்து பாருங்கள், ஐயா!