வீட்டு நாய்க்கு வெறி வராதாம்!

வீட்டிலே சோறு தின்று வளர்கிற நாய்க்கு வெறி பிடிக்காது என்றும், ஆகையால் அதன் பல் பட்டாலோ நகம் பட்டாலோ ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க வேண்டியதில்லை என்றும் நம்புகிறவர்கள் திண்டுக்கல்லில் படிக்காதவர்கள் மட்டும் அல்லர். கல்லூரியில் பாடம் சொல்பவரும், கடைவீதியில் கணக்கு எழுதுபவரும், நாகல் நகரில் மாடி வீடு கட்டி ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்று பலகை தொங்கவிட்டிருப்பவரும் இந்த ஒரு விஷயத்தில் ஏகமனதாக இருக்கிறார்கள். ‘நம்ம வீட்டு நாய்தானே’ என்று அவர்கள் சொல்லும்போது அதில் பாசம் இருக்கிறது, பெருமை இருக்கிறது; ஆதாரம் ஒன்றுதான் இல்லை.

அந்த ஆதாரமின்மை வெளிப்படுவது, நாயைக் கடல் கடந்து அழைத்துப் போக நேரும்போது. லண்டனிலோ ஜெர்மனியிலோ வேலைக்கு அமர்ந்த பிள்ளை, வளர்த்த நாயை விட்டுப் பிரிய மனமில்லாமல் உடன் கொண்டுபோக விரும்பினால், அந்தத் தேசத்தார் கேட்கிற பிரமாணங்களைக் கவனியுங்கள். முதலில் நாயின் தோலுக்கடியில் அரிசி மணியளவு மைக்ரோசிப். அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாளாவது சென்றபின் ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது எதிர்ப்புச் சக்தி உண்டென்ற நிரூபணம். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதக் காத்திருப்பு. கடைசியில் சர்க்கார் கால்நடை அதிகாரியின் அத்தாட்சி. சிப் பொருத்துவதற்கு முன்னால் போட்ட ஊசி எத்தனை தரம் போட்டதானாலும் கணக்கில் சேராது. எந்த நாய்க்குப் போட்ட ஊசி இது என்று கேட்டால் பதில் சொல்ல அப்போது வழியில்லையல்லவா? அமெரிக்காவோ 2024 ஆகஸ்டு முதல், இந்தியா போன்ற தேசங்களிலிருந்து வரும் நாய் ஆறு மாத வயதாவது நிரம்பியதாக இருக்க வேண்டும் என்பது தொடங்கி, இன்னும் இறுக்கமான நிபந்தனைகளை விதித்திருக்கிறது.

இதைக் கேட்டதும் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. ‘வெள்ளைக்காரனுக்கு நம் நாய் என்றால் இளக்காரம்’ என்கிறார்கள். இளக்காரம் என்பது உண்மையானால், 1918-இல் யுத்தம் முடிந்து திரும்பிய சொந்தச் சிப்பாய்கள் ஒளித்துக் கொண்டுவந்த நாய்களால் இங்கிலாந்தில் மறுபடி தலைதூக்கிய வெறிநோயை அந்தத் தேசம் 1922-க்குள் ஒழித்துவிட்டு, பிறகு பல பத்தாண்டுகள், வெளியிலிருந்து வந்த நாய் எந்தப் பிரபுவின் நாயாக இருந்தாலும் ஆறு மாதம் தனிக்கூட்டில் அடைத்துவைத்திருக்குமா? அவ்வளவு தூரம் போவானேன்? நம் லட்சத்தீவில் நாய்க்கே இடமில்லை. அங்கே வெறிநோய்க்கும் இடமில்லை. நோய் இல்லாத தீவு நோயுள்ள கரையைப் பார்த்து அஞ்சுவது அகங்காரம் ஆகாது.

மூன்று மாதக் காத்திருப்பைத்தான் எல்லாரும் வீண் தொல்லை என்று ஏசுகிறார்கள். எனக்கோ அந்த விதிகளிலெல்லாம் அறிவு மிகுந்த விதி அதுவே என்று படுகிறது. ஊசிக்கு முன்பே நாய் கடிபட்டு, விஷக்கிருமி நரம்பின் வழியே மெல்ல மூளையை நோக்கி ஏறிக்கொண்டிருக்குமானால், ரத்தப் பரீட்சையில் தேறிய அந்த நாயே சில வாரம் கழித்து வெறிகொள்ளக் கூடும். ரத்தம் சொல்லாததைக் காலம் சொல்லும் என்று அவர்கள் காத்திருக்கிறார்கள். நாமோ நாயின் முகத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நோயின் குறி முகத்தில் தோன்றுவதற்குச் சில நாள் முன்னதாகவே அதன் எச்சிலில் விஷம் வந்துவிடும் என்பதை மறந்து.

இனி நம் வீட்டு நாயின் தினசரியைச் சற்று விசாரிப்போம். பகலெல்லாம் திண்ணையில் படுத்திருக்கிற அந்தச் சாது, இரவு பத்து மணிக்குமேல் இரும்புக் கதவின் கீழ்ச்சந்தில் புகுந்து வெளியேறுகிறது. பிரியாணிக் கடைகள் அடைக்கும் நேரத்தில் பின்சந்தில் கொட்டுகிற எலும்புக்காகப் பேகம்பூர்த் தெருநாய்களோடு பல்லைக் காட்டிச் சண்டையிடுகிறது. விடிவதற்குள் திரும்பிவந்து, காதோரம் ஒரு சிறு கீறலோடு, யோக்கியனைப் போல் வாலாட்டுகிறது. அந்தக் கீறலை யார் பார்த்தார்கள்? குட்டி நாய்க்கு வெறி வராது என்பது மற்றொரு பேதைமை. தடுப்பூசிக்கு வேண்டிய மூன்று மாத வயது நிரம்பாமல், எதிர்ப்புச் சக்தி இல்லாமல், குழந்தைகளின் மடியிலேயே கிடப்பது அந்தக் குட்டிதான்.

‘எங்கள் நாய்க்கு ஊசி போட்டாயிற்று’ என்பவரிடம் எப்போது என்று கேளுங்கள். ‘வாங்கின புதிதில்’ என்பார். வருஷந்தோறும் போட வேண்டிய ஊசி அது. மருந்தோ 2 முதல் 8 டிகிரிக் குளிர்ச்சியில் இருக்க வேண்டியது. மின்சாரம் போய் வருகிற கோடையில், பால் பாக்கெட்டோடு குளிர்பெட்டியில் கிடந்த மருந்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவரை என்ன சொல்வது? வெளிதேசத்தார் சீட்டை நம்பாமல் ரத்தத்தைக் கேட்பது ஏன் என்பது இங்கே விளங்கும்.

கடித்த பிறகு நடப்பது இன்னும் பரிதாபம். புண்ணில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் அப்பி, வேப்பிலையால் மந்திரித்து, ‘பத்து நாள் நாயைப் பார்ப்போம்’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். பத்து நாள் பார்க்கச் சொன்னது மெய். ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுப் பார்க்கச் சொன்னார்களே தவிர, பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லவில்லை. இந்தத் தயக்கத்துக்கு வேர், தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பாட்டன் காலத்தில் புகுந்த பயம். குன்னூரில் 1907-இல் வெறிநோய்ச் சிகிச்சைக்கென்று பாஸ்டர் நிலையம் தோன்றிய அந்தக் காலத்தை ஒட்டி, 1911-இல் கசௌலியில் செம்பிள் என்னும் மருத்துவர் வகுத்த, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. வலியும் ஆபத்தும் உள்ளதாயினும் எண்ணற்றவரைக் காத்தது. அதன் தயாரிப்பை நம் தேசம் 2004-ஓடு நிறுத்திவிட்டது. இன்று கையில் தோலோடு போடுகிற சிறு ஊசி. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று நான்கு தடவை போய்வந்தால் தீர்ந்தது. ரத்தம் வரக் கடித்திருந்தால், புண்ணைச் சுற்றியே செலுத்துகிற எதிர்ப்பு மருந்தும் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியில் காசு வாங்குவதில்லை. நோய் வெளிப்பட்டு, தண்ணீர்த் தம்ளரைக் கண்டு தொண்டை இழுத்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டாலோ எந்த வைத்தியரும் எந்தப் பணமும் அந்த உயிரைத் திருப்பித் தர முடியாது.

லண்டன் போகிற நாய்க்குப் பல ஆயிரம் செலவிட்டு ரத்தப் பரீட்சை செய்கிற குடும்பம், திண்டுக்கல்லிலேயே தங்குகிற நாய்க்கு வருஷத்துக்கு ஒரு ஊசி போட மறுப்பதற்கு என்ன சமாதானம் சொல்லும்? அந்நியன் வீட்டுக் குழந்தைக்கு உள்ள காவல் நம் வீட்டுக் குழந்தைக்கு வேண்டாமா? ஆகவே, இதைப் படிக்கிறவர் வீட்டில் நாய் இருக்குமானால், அதன் ஊசிச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள். வருஷம் கடந்திருந்தால், அல்லது சீட்டே அகப்படாவிட்டால், நாளைக் காலையில் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போங்கள். கடிபட்டவர் எவரேனும் இருந்தால் நாளைவரை காத்திராமல், புண்ணைச் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு இன்றே கிளம்புங்கள்.